மூன்றாவது தடவை போய்விட்டு வந்து சொல்லுங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு அருப்புக்கோட்டை பக்கத்தில் ஒரு கிராமம். கோவையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். சிஜிபிஏ 8.4. எங்கள் கல்லூரிக்கும் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படிக்கலாம். துறையில் ஒரு சார் விண்ணப்பிக்கச் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றரை வருடமாக எந்த கிளப்பிலும் சேரவில்லை. வகுப்பு, மெஸ், அறை, போன், அவ்வளவுதான். ரூம்மேட்கள் மலையேற்றம், பானை செய்யும் பயிற்சி, மேடைப் பேச்சு என்று எதையாவது செய்து ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். ஒருமுறை நடனக் குழுவுக்குப் போனேன். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருந்தது. அரை மணியில் வந்துவிட்டேன். லீவுக்கு ஊருக்குப் போக அப்பாதான் கோவை வரை வந்து கூட்டிப்போவார். "அத்தனை தூரம் பொம்பளப் பிள்ளையத் தனியா எப்படி அனுப்ப?" என்கிறார் அம்மா. வங்கிக் கணக்கில் ஆறு லட்சம் போட வேண்டும் என்று சொன்னதும் அப்பா பேசவே இல்லை. "அங்க போனா நீ தன்னால மாறிடுவே" என்கிறாள் தோழி. இப்படி இருக்கிற நான் போகலாமா மேடம்? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

வயதைப் பார்த்தால் மகளே என்றுதான் எழுத வேண்டும். அப்படித் தொடங்கினால் எனக்கு உபதேசக் குரல் வந்துவிடும் என்பதால் தங்கை.

போகலாம். விண்ணப்பியுங்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தன்னால் மாறிவிடுவீர்கள் என்று தோழி சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். கல்லூரி ஒன்றின் அயல்நாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் இருந்துகொண்டு மாணவர்களை அனுப்புவதும், திரும்பி வந்தவர்களை உட்காரவைத்துப் பேசுவதும்தான் 16 வருடமாக என் வேலை. ஐந்து மாதம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்த ஒரு மாணவனிடம், "அங்க உனக்கு ரொம்பப் பிடிச்சது எது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சனிக்கிழமை பிரியாணி மேடம். குண்டூர்ப் பையன் ஒருத்தன் சூப்பரா பண்ணுவான்" என்றான். நல்ல பையன். எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தான். இங்கே வகுப்பு, மெஸ், அறை, போன் என்று இருந்தவன் அங்கேயும் அப்படியே இருந்துவிட்டு வந்திருந்தான். பெட்டியோடு அவனுடைய பழக்கமும் செக்-இன் ஆகியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் நான் நின்று திரும்பப் படித்தது நடனக் குழு வருகிற வரியை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருந்தது என்கிறீர்கள். தெரியாமல் எப்படி இருக்கும்? அவர்கள் பல வாரமாக வந்துகொண்டிருப்பவர்கள். உங்களுக்கு அது முதல் நாள். செருப்பை எங்கே விடுவது, பையை எங்கே வைப்பது, கையை என்ன செய்வது என்பது எதுவும் முதல் நாள் யாருக்கும் தெரியாது. அந்த அரை மணியில் முதல் நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டீர்கள். நடனம் உங்களுக்கு ஒத்துவருமா வராதா என்பது இன்னும் தெரியவில்லை.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நான் சென்னையில் படித்த காலத்தில் ஆமை நடை என்று ஒன்றைக் கேள்விப்பட்டேன். பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை கரையேறி மணலில் முட்டையிடும். நாய்களும் ஆட்களும் எடுப்பதற்கு முன்னால் அந்த முட்டைகளைத் தேடிப் பிடித்து, வேலி போட்ட பொரிப்பகத்துக்கு மாற்றுகிற வேலையை 1988 முதல் சென்னையில் ஒரு மாணவர் அமைப்பு செய்துவருகிறது. நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர். நள்ளிரவுக்கு மேல் மணலில் நடை.

முதல் இரவு ஒரு ஆமையும் வரவில்லை. செருப்பில் மணல், காலில் கொப்புளம், வழியெல்லாம் தெருநாய் குரைப்பு. கூட வந்தவர்கள் போன வாரக் கதையைத் தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள். நான் பத்தடி தள்ளி நடந்தேன். விடியும்போது பெசன்ட் நகரில் ஒரு டீ குடித்துவிட்டு, இதற்கா தூக்கத்தைக் கெடுத்தோம் என்று ஹாஸ்டலுக்கு வந்து படுத்துவிட்டேன்.

இரண்டாவது தடவை ஏன் போனேன் என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. அறைத் தோழி ஊருக்குப் போயிருந்தாள், அதுவாக இருக்கலாம். அன்றைக்கும் ஆமையைப் பார்க்கவில்லை. தடத்தைப் பார்த்தோம். டிராக்டர் டயர் கடலிலிருந்து ஏறி வந்து திரும்பிப் போன மாதிரி இருக்கும். தடம் திரும்புகிற இடத்தில் ஒரு அண்ணன் கம்பால் மெல்லக் குத்திப் பார்த்தார். ஒரு இடத்தில் மணல் இளகி உள்வாங்கியது. தோண்டிவிட்டு என்னைக் கைவிடச் சொன்னார். குப்புறப் படுத்து முழங்கை தாண்டி உள்ளே விட்டேன். மேல்மணல் சில்லென்று இருந்தது. உள்ளே வெதுவெதுப்பு. முட்டை பிங்பாங் பந்து அளவுதான், ஆனால் ஓடு கோழிமுட்டை மாதிரி கடினமாக இல்லை. விரல் பட்டால் லேசாகக் குழியும். ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிப் பையில் வைத்தோம். நூறைத் தாண்டியது. எண்ணுகிற பொறுப்பு என்னுடையது என்பதால் அன்றைக்கு யாரும் என்னைத் தள்ளி நடக்கவிடவில்லை.

மூன்றாவது தடவைதான் ஆமை. முட்டையிட்டு முடித்துக் குழியை மூடிக்கொண்டிருந்தது. உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கித் தூக்கி மணலை அடித்து இறுக்கும். தொப், தொப் என்று அந்தச் சத்தம் அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அதற்குள் எனக்கு எல்லார் பெயரும் தெரிந்திருந்தது.

இதிலிருந்து ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். என்னிடம் வருகிற மாணவர்களுக்கும் அதையே சொல்கிறேன். எதையும் மூன்று தடவை போன பிறகுதான் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். முதல் தடவை நம்முடைய கூச்சத்தோடு போய்விடும். இரண்டாவது தடவை வேலை கண்ணில் படும். மூன்றாவது தடவையும் கசந்தால் தாராளமாக விட்டுவிடலாம், குற்ற உணர்ச்சியே வேண்டாம். உங்கள் ரூம்மேட்கள் மாதிரி மாதம் ஒன்று என்று தொட்டுத் தொட்டு விடுவதில் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. ஸ்டேட்டஸுக்கு அது நன்றாக இருக்கும். ஒரு செமஸ்டருக்கு ஒன்று அல்லது இரண்டு போதும்.

சரி, எதில் தொடங்குவது?

பஸ்ஸில் தொடங்குங்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அடுத்த லீவு முடிந்து கோவைக்குத் திரும்பும்போது அப்பாவை ஊரிலேயே இருக்கச் சொல்லுங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை மாட்டுத்தாவணி. அங்கே இறங்கி டவுன் பஸ் பிடித்து ஆரப்பாளையம். ஆரப்பாளையத்தில் கோவை பஸ். சிங்காநல்லூரில் இறங்கி ஹாஸ்டல். இதில் நீளமான பயணம் ஆரப்பாளையத்துக்குப் பிறகுதான், ஆனால் சோதனை எல்லாம் நடுவில் உள்ள அந்த டவுன் பஸ்ஸில் இருக்கிறது. பெட்டியோடு ஏறுவது, கண்டக்டரிடம் கேட்பது, தப்பான பஸ் என்றால் இறங்கி மறுபடி விசாரிப்பது. பிராங்க்பர்ட்டில் ரயில் மாறுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே அறிவிப்புப் பலகை வேலை செய்யும், அது ஒரு சௌகரியம். காலையில் கிளம்பி வெளிச்சத்தோடு வந்து சேருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சிங்காநல்லூரில் இறங்கியதும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். இதையும் மூன்று தடவை செய்யுங்கள். மூன்றாவது தடவை உங்கள் அம்மாவே, "இவ தனியாத்தான் போய்ட்டு வர்றா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார். ஜெர்மனிக்கு அவர் சம்மதம் அங்கேயிருந்துதான் வரும், என்னுடைய பதிலிலிருந்து வராது.

அடுத்தது உங்கள் ஹாஸ்டல் தாழ்வாரம். அதில் எத்தனை மாநிலத்துப் பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கோவைக் கல்லூரி என்றால் கேரளம் கட்டாயம் இருக்கும். மணிப்பூரோ பீகாரோ இருக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் அனுப்பிய ஒரு பெண், உங்களைவிடவும் பேசாத பிள்ளை, கிளம்புவதற்கு முன் ஒரு வருடம் மூன்று அறை தள்ளியிருந்த இம்பால் மாணவியோடு ஞாயிறு மாலை பாட்மின்டன் ஆடிக்கொண்டிருந்தாள். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, இன்னொருத்திக்கு இந்தி தெரியாது, இருவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. ஜெர்மனியில் அவளுக்கு முதல் வாரமே ஆட்டத்துக்குத் துணை கிடைத்துவிட்டது. புரியாத மொழிக்காரரோடு ஒரு மணி நேரம் சங்கடப்படாமல் இருக்க அவள் இங்கேயே கற்றிருந்தாள். இதற்குக் கட்டணம் கிடையாது, படிவம் கிடையாது.

என்எஸ்எஸ், அதாவது நாட்டு நலப்பணித் திட்டம், உங்கள் கல்லூரியில் இருந்தால் சேருங்கள். 1969-லிருந்து இருக்கிறது, அதனாலேயே யாரும் அதைப் புதிய அனுபவம் என்று நினைப்பதில்லை. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், நடுவில் ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். முகாமில் பஞ்சாயத்துப் பள்ளி வகுப்பறையில் பெஞ்சை ஒதுக்கிவிட்டுப் படுப்பீர்கள். நாற்பது பேருக்கு சாம்பார் வாளி தூக்குவீர்கள். நீங்களே கிராமத்துப் பெண், இதில் என்ன புதிது என்று தோன்றும். முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிக் கணக்கெடுப்புக் கேள்வி கேட்கிறீர்களே, அதுதான் புதிது. சொந்த ஊரில் நாம் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை, நேரே உள்ளே போய்விடுவோம்.

கூட்டமே ஒத்துவராது என்றால் பறவை எண்ணலாம். பிப்ரவரியில் நான்கு நாள் நாடு முழுக்கக் கல்லூரி வளாகங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் நின்று, பார்த்ததை எண்ணி ஈபேர்ட் செயலியில் ஏற்றினால் போதும். காக்காவைத் தவிர ஒன்றும் இல்லாத வளாகம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து சருகைக் கிளறிக்கொண்டு சண்டை போடும். மைதானத்துப் புல்லில் கொண்டலாத்தி தலைக்கொண்டையை விசிறி மாதிரி மடக்கி விரிக்கும். மெஸ்ஸுக்குப் பின்னால் செம்போத்து நடக்கும். கையில் பைனாகுலர் இருந்தால் பேசாமல் நிற்பதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும். அமைதியான பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். புது அனுபவம் என்ற பெயரில் யார் எதற்குக் கூப்பிட்டாலும் போக வேண்டும் என்று இல்லை. வனத்துறை அனுமதி இல்லாத மலையேற்றம் அதில் முதலாவது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அனுமதி வாங்காமல் போன பாதை அது. இப்போது அரசே 2024 அக்டோபர் முதல் ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்திருக்கிறது. ரூம்மேட்கள் கூப்பிட்டால், "பெர்மிஷன் யார் வாங்கினது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் அறையிலேயே இருங்கள். அப்புறம் குடி. இங்கேயும் கேட்பார்கள், அங்கேயும் கேட்பார்கள். ஜெர்மனியில் ஒருமுறை வேண்டாம் என்று சொன்னால் பெரும்பாலும் ஆப்பிள் ஜூஸை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார்கள். நம் பிள்ளைகள்தான் "ஒரு சிப், ஒரு சிப்" என்று உயிரை வாங்குவார்கள்.

இனி ஜெர்மனி. அப்பாவில் தொடங்குவோம்.

ஆறு லட்சம் என்றதும் அவர் பேசாமல் இருந்தது மறுப்பு என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்து அப்பாக்கள் கணக்குப் போடும்போது பேசமாட்டார்கள். அவருக்குச் சொல்ல வேண்டியது இது. அந்தப் பணம் யாருக்கும் கட்டுகிற கட்டணம் இல்லை. விசாவுக்காக உங்கள் பெயரிலேயே ஒரு முடக்கக் கணக்கில் போடுகிற பணம். ப்ளாக்டு அக்கவுன்ட் என்பார்கள். 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ என்று வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு 5,952. நீங்கள் போய் இறங்கியதும் மாதாமாதம் 992 உங்கள் கைக்கே வரும், அதில்தான் வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாம். சிக்கனமாக இருந்தால் மிச்சத்தோடு திரும்பலாம். மியூனிக் மாதிரி ஊரில் அது நடக்காது. சின்ன ஊர், மாணவர் விடுதியில் அறை என்றால் நடக்கும். இந்தத் தொகை மாறக்கூடியது, விண்ணப்பிக்கிற சமயத்தில் தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த மாணவர் என்பதால் பொதுவாக அங்கே படிப்புக் கட்டணம் இருக்காது. விமான டிக்கெட்டும் விசா கட்டணம் 75 யூரோவும் தனி.

உதவித்தொகை இருக்கிறதா என்று கேட்காமல் விடாதீர்கள். கூச்சத்தால் பணத்தை விட்டுவிட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1987-இல் ஐரோப்பிய மாணவர்களுக்காகத் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் இப்போது எராஸ்மஸ் பிளஸ் என்ற பெயரில் வெளிநாட்டுக் கூட்டாளிக் கல்லூரிகளுக்கும் வருகிறது. உங்கள் கல்லூரி ஒப்பந்தம் அதற்குள் அடங்குமா என்று கேளுங்கள். போகிற இடம் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் என்றால் அந்த மாநிலத்துக்கென்றே ஒப்பந்த மாணவர்களுக்கு ஒரு உதவித்தொகை உண்டு. இதை எல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதி அப்பா கையில் கொடுங்கள். வாயால் சொன்னால் நடுவில் குறுக்கே பேச்சு வந்துவிடும். தாள் என்றால் இரவு சாப்பிட்டுவிட்டு அவரே எடுத்துப் படிப்பார்.

அம்மாவுக்குத் தாள் போதாது. முந்தைய வருடம் போய்வந்த சீனியர் யாராவது பெண் இருந்தால், அவருடைய அம்மாவோடு உங்கள் அம்மாவைப் போனில் பேச வையுங்கள். எங்கள் அலுவலகத்தில் எத்தனையோ பெற்றோர் கூட்டம் நடத்தியிருக்கிறோம், புரொஜெக்டர் எல்லாம் வைத்து. அந்த ஒரு போன் செய்கிற வேலையை எதுவும் செய்ததில்லை.

பாஸ்போர்ட் இல்லை என்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள், சாதாரண முறையில் 1,500 ரூபாய்தான். நம் இனிஷியலை அங்கே விரித்து எழுத வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில், ஆதாரில், பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும். குடும்பப்பெயர் என்கிற இடத்தில் அப்பா பெயர் வரும். அதன் விளைவு அங்கே போனபிறகு தெரியும். நான் ஒரு வருடம் அங்கே படித்தபோது வந்த கடிதம் எல்லாம் ஃப்ராவ் என்று போட்டு, பக்கத்தில் என் அப்பா பெயர். ஃப்ராவ் என்றால் திருமதி, கல்யாணம் ஆகாதவர்களுக்கும் அங்கே அதேதான். போனில் சொன்னபோது அப்பா ஐந்து நிமிடம் சிரித்தார். கடைசிவரை அந்த ஊரில் என் பெயர் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான்.

பாட விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அங்கே எடுக்கிற எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று கிளம்புவதற்கு முன்பே லேர்னிங் அக்ரிமென்ட்டில் எழுதித் துறைத்தலைவர் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வாய்வார்த்தையை நம்பிப் போய்விட்டு, திரும்பி வந்து இரண்டு பேப்பரை மறுபடி எழுதிய பிள்ளைகள் உண்டு. கால அட்டவணையும் இடிக்கும். நம்முடைய ஐந்தாம் செமஸ்டர் டிசம்பருக்குள் முடிந்துவிடும். அங்கே குளிர்கால செமஸ்டர் செப்டம்பரிலோ அக்டோபரிலோ தொடங்கித் தேர்வெல்லாம் முடியப் பிப்ரவரி ஆகிவிடும். ஆறாம் செமஸ்டரின் முதல் சில வாரங்கள் போய்விடும். அதை எப்படிச் சரிக்கட்டுவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று, அங்கே பாடத்தில் சேர்ந்துவிட்டால் தேர்வுக்கும் சேர்ந்ததாக ஆகாது. தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும், அதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. தாண்டினால் உட்கார விடமாட்டார்கள், கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை. மதிப்பெண் 1.0 என்றால் முதல் தரம், 5.0 என்றால் தோல்வி. 1.3 வாங்கிய ஒரு பையனின் அம்மா எங்கள் அலுவலகத்துக்கு அழுதுகொண்டே போன் செய்திருக்கிறார்.

அங்கே போய் இறங்கிய பிறகு?

நான் இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் திறக்காது, சட்டமே அப்படி. யாரும் சொல்லித்தரவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. காலையில் பையை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேன். சூப்பர் மார்க்கெட் இருட்டாகக் கிடந்தது. ரயில் நிலையத்தில் ஒரு பேக்கரி மட்டும் திறந்திருக்கும் என்பது எனக்கு அடுத்த வாரம்தான் தெரியும். அறையில் அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியும் பாதி பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன. மதியம் மூன்று மணிக்குப் பசி பொறுக்காமல் பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன். போலந்துப் பெண். என் இங்கிலீஷ் அவளுக்குப் புரியவில்லை, வயிற்றைத் தொட்டுக் காட்டியது புரிந்தது. நாலு உருளைக்கிழங்கு எடுத்துக் கொடுத்தாள். பொதுச் சமையலறையில் அதை வறுத்து மேலே பருப்புப்பொடியைத் தூவினேன். அவளுக்கும் ஒரு தட்டு. மிளகாய்க் காரத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்தாள். அடுத்த ஞாயிறு அவள் என் கதவைத் தட்டினாள், கையில் உருளைக்கிழங்கு.

நீங்கள் சனி, ஞாயிறு பார்த்து டிக்கெட் போடாதீர்கள். செவ்வாய், புதன் நல்லது.

பல பல்கலைக்கழகங்களில் புதிதாக வருபவர்களுக்கு உள்ளூர் மாணவர் ஒருவரைத் துணைக்குக் கொடுப்பார்கள். பட்டி புரோகிராம் என்பார்கள், ஆட்டுப்பட்டி இல்லை. அதற்குப் பெயர் கொடுங்கள். தமிழ் மாணவர் குழு இருந்தால் அதிலும் சேருங்கள். முதல் வாரம் சிம் கார்டு, பதிவு அலுவலகம், அரிசி எந்தக் கடை என்பதெல்லாம் அவர்கள்தான் சொல்வார்கள். எல்லா சனிக்கிழமையும் அவர்களோடு வேண்டாம், அவ்வளவுதான்.

நவம்பருக்குத் தயாராக இருங்கள். முதல் மாதம் எல்லாம் அழகாகத் தெரியும். நவம்பர் கடைசியில் மாலை நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், நாள்கணக்கில் வெயில் இருக்காது. எனக்கு வருகிற அழுகைப் போன்கள் பெரும்பாலும் அந்த மூன்று, நான்கு வாரத்தில்தான். அப்போது புதிதாக ஒன்றைத் தேடிப் போகத் தெம்பு இருக்காது. அதனால் அக்டோபரிலேயே வாரம் ஒருநாள் கட்டாயம் போகிற மாதிரி ஒன்றில் பெயர் கொடுத்துவிடுங்கள். பல்கலைக்கழகமே மலிவாக விளையாட்டு வகுப்புகள் நடத்தும். ஹோக்ஷூல்ஷ்போர்ட் என்று பெயர், வாயில் நுழையப் பழகிவிடும். நீச்சல், சுவர் ஏறுவது, ஜூடோ, நடனம் எல்லாம் உண்டு. ஆன்லைன் பதிவு திறந்த சில நிமிடங்களில் நல்ல வகுப்புகள் நிரம்பிவிடும், அலாரம் வைத்துக்கொண்டு உட்காருங்கள். நடனத்தை எடுத்தால் அங்கேயும் முதல் நாள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருக்கும். உங்களுக்கு அது பழகிய காட்சிதானே.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று கடிதத்தில் இல்லை. நாளைக் காலை உங்கள் கல்லூரி அயல்நாட்டுத் தொடர்பு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். மின்னஞ்சல் போட்டால் நாங்கள் பதில் எழுத ஒரு வாரம் ஆக்குவோம். பகல் ஒரு மணிக்கு மேல் போனால் சாப்பாட்டுக்குப் பூட்டியிருக்கும். முதல் தடவை, "அப்புறம் வாம்மா" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. மறுநாளும் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்